சாயம் ஏறாத நான்கு விரல்கள்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுதும் எண்ணமே எனக்கு இல்லை. அடுத்த அறையில் பாலிஷ்காரர் ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார். "ஒரு அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு இங்கே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். முக்கால் மணி நேரம் ஆகிறது. மனிதர் இரண்டாவது டீயையும் முடித்துவிட்டார்.

அவர் கேட்டது இதுதான்: "சார், இந்த விரல் தடத்தை அப்படியே விடவா, சுரண்டிடவா?"

2

முதல் தொடக்கம்:

மேசையின் மேல் காலை வெயில் சாய்வாக விழுந்தபோது, பிரிந்துபோன மனைவியின்

வேண்டாம். அந்த அறைக்கு வெயிலே வராது. பகலிலும் விளக்குப் போட வேண்டும்.

இரண்டாவது தொடக்கம்:

அவள் இறந்து மூன்று வருடங்கள்

ஐயையோ! இதைப் படித்தால் என்னைக் கொன்றே போடுவாள். அவள் நன்றாக இருக்கிறாள், இதே ஊரின் மறுகோடியில். இறந்துவிட்டதாக எழுதினால் ஏக்கத்துக்கு ஒரு மரியாதை கிடைக்கும், அதனால்தான் கை தானாக அங்கே போகிறது. பேருந்து ஏறினால் நாற்பது நிமிடத்தில் பார்த்துவிடக்கூடிய ஒருத்திக்காக ஒருவன் ஏங்குகிறான் என்று எழுதினால் யார் மதிப்பார்கள்? ஏறிப் போயேன்டா என்பார்கள்.

நான் ஏங்குகிறேன். ஏறிப் போகவில்லை. இரண்டும் உண்மை.

3

ஒன்றரை வருடத்துக்கு முன் துணிகளையும் புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது சத்தம் போடவில்லை. "உன் கதையில எல்லாம் நான் ரொம்ப நல்லா இருக்கேன். வீட்டுல என்னை எப்பவாவது பார்த்தியா?" என்று மட்டும் கேட்டாள். அதற்கும் அன்று பதில் வரவில்லை. (எனக்கு வந்த வியாதியே இதுதான் போல.)

போன மாதம் ஒரு செய்தி அனுப்பினாள். "அந்த டேபிளை மட்டும் அனுப்பிடு. எழுதறதுக்கு இல்ல, சாப்பிடறதுக்கு."

பதினொரு வருடத்துக்கு முன் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த மேசை. அடுத்த மாதம் சாயம் பூசலாம், அடுத்த மாதம் பூசலாம் என்று நான் சொல்லிச் சொல்லியே வெறும் மரமாக நின்றது. அனுப்பும்போதாவது முடித்து அனுப்பலாமே என்றுதான் பாலிஷ்காரரைக் கூப்பிட்டேன்.*

அது ரேகைகள் குழிகுழியாகத் திறந்திருக்கும் மரம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். ஈரத்துணியால் துடைத்து, சிலிர்த்து நின்ற நாரை மறுபடி தேய்த்தார். குழிகளில் பசைமாவை அப்பி, சாக்குத்துணியால் ரேகைக்குக் குறுக்கே அழுத்தித் துடைத்தார். நேற்று சாயம் பூசினார். மேசை முழுக்க நல்ல காப்பிக்கொட்டை நிறம் ஏறியது. ஒரு ஓரத்தில் மட்டும், வரிசையாக நான்கு விரல்கள் வெளுப்பாக நின்றன. பலகைக்கு அடியில் கட்டைவிரல்.

"மரம் ஒட்டற பசைக் கையோட அப்பவே யாரோ பிடிச்சிருக்காங்க சார். பசை குடிச்ச இடம் சாயம் குடிக்காது. இன்னிக்கி மேல சீலர் பூச்சு போட்டுட்டா அப்புறம் உள்ள இருக்கறது உள்ளதான். இப்பவே சொல்லிடுங்க."

\* தன்னைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரிந்ததும் "கதையில என்னைப் போட்டா மீசையோட போடுங்க சார்" என்றார். அவருக்கு மீசை கிடையாது. சரி, போட்டுவிட்டேன்: பாலிஷ்காரர் தன் அடர்ந்த மீசையைத் தடவிக்கொண்டார்.

4

அந்த விரல்கள் யாருடையவை என்று எனக்கா தெரியாது? எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கிளாம்ப். பலகைகளைப் பசை போட்டு ஒட்டியபோது ஒரு முனையை அது பிடித்துக்கொண்டது, மறுமுனையை அவள் பிடித்துக்கொண்டாள். அரை மணி நேரம் அசையவில்லை. நான் தரையில் உட்கார்ந்து, அப்போது எழுதிக்கொண்டிருந்த கதையை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். நண்பர்களிடம் இதை நூறு தடவையாவது சொல்லியிருப்பேன்.

ஆகவே முடிவு (அ): தடத்தை அப்படியே விடுகிறேன். அவள் கை அவளிடமே போய்ச் சேருகிறது. ஒருநாள் சாப்பிடும்போது தன் விரலை அதில் வைத்துப் பார்க்கிறாள், வைத்துப் பார்த்ததும்

முடிவு (ஆ): சுரண்டிவிடுகிறேன். ஒரு தடமும் இல்லாத மேசை போகிறது. நான்

(அ)தான் அழகு. எழுந்து போய்ச் சொன்னேன்.

5

"மேடம் கையா?" பாலிஷ்காரர் குனிந்து பார்த்தார். "மேடம் என்ன, பயில்வானா?"

"ஏங்க?"

"சைஸைப் பாருங்க சார். எங்க, உங்க கையைக் கொண்டாங்க. தொட்டுடாதீங்க, மேலாக் காட்டுங்க போதும்."

காட்டினேன். சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கிய என் சுண்டுவிரல் வெளிப்பக்கம் கோணிக்கொண்டு நிற்கும். மேசையிலும் சுண்டுவிரல் கோணிக்கொண்டுதான் நின்றது.

அப்புறம்தான் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. பிடித்துக்கொண்டு நின்றவன் நான். தரையில் உட்கார்ந்திருந்தவள் அவள். என் கதை அவள் மடியில் இருந்தது, பென்சில் கையில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் நிறுத்தி, "இந்த முடிவு பொய்" என்றாள். "கையை எடுக்க முடியாதுடி, அங்கிருந்தே படிச்சுக் காட்டு" என்று கத்தினேன். சிரித்தாள். படித்துக் காட்டினாள். மாற்ற வேண்டியதை ஓரத்தில் எழுதினாள். அரை மணி நேரம் அவளைப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வேலையே இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதைத்தான் மறந்திருக்கிறேன். அவளை அழகாக்குவதாக நினைத்து, நான் அவளைப் பார்த்த ஒரு நாளையும் கதையிலிருந்து அடித்துவிட்டிருக்கிறேன்.

6

இப்போது (அ) செல்லாது. அவள் சாப்பிடும் மேசையில் தினமும் என் கை இருக்கும். கேட்காமல் அதை அனுப்ப எனக்கு என்ன உரிமை? கேட்காமல் சுரண்டினால், 'எப்பவாவது பார்த்தியா' என்ற அவள் கேள்விக்கு நான் கொடுக்கக்கூடிய ஒரே பதிலும் தூளாகப் போய்விடும்.

"டேபிள் யாருக்கு சார்?" என்றார் பாலிஷ்காரர்.

"அவளுக்கு."

"அப்ப நீங்க ஏன் உள்ள உட்கார்ந்து மண்டையை உடைச்சுக்கறீங்க?"

சீலர் டப்பாவை மூடிவிட்டார். வியாழக்கிழமை வருகிறாராம். வீட்டுக்குப் போகும் வழியில் உன் தெருவைத் தாண்டித்தான் போவாராம்.

ஆமாம், உன் தெரு. முதல் வரியிலிருந்து யாரோ வாசகரிடம் பேசுவதுபோல் பாவனை செய்துகொண்டிருக்கிறேன். நான் எழுதிய எதற்கும் உன்னைத் தவிர வாசகர் யார் இருந்தார்கள்? இந்தத் தாள்களை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். ஓரத்தில் இடம் விட்டிருக்கிறேன். அடிக்க வேண்டியதை அடி. விரல்களை வைக்கவா, எடுக்கவா என்று மட்டும் எழுதிக் கொடு. முடிவு பொய் என்று இந்தத் தடவை நீ சொல்ல முடியாது, நான் எழுதவே இல்லை.

சீலர் போடும் வரை மேசையைத் தொடக் கூடாதாம். தொட்டால் கையின் எண்ணெய் இறங்கிவிடுமாம். நாற்காலியைப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு கையும் மடியில் இருக்கின்றன.