வீட்டு நோயாளி

கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் கோன்நகர் ஸ்டேஷனில் இறங்கி டாக்டர் லாஹிரி வீடு எங்கே என்று கேட்டால், "எந்த லாஹிரி? ஊர் சுத்துற லாஹிரியா?" என்று ரிக்‌ஷாக்காரர்கள் திருப்பிக் கேட்பார்கள். சுகோமல் லாஹிரி அதற்குக் கோபப்பட்டதில்லை. ஹோமியோபதி பார்க்கிறேன், கற்றுக்கொடுக்கிறேன் என்று பாதி உலகம் சுற்றியவர்தான் அவர். ஏதென்ஸில் சில வருடம், சாவோ பாவ்லோவில் சில வருடம், பிறகு கிர்கிஸ் நாட்டில் பிஷ்கெக் என்று காலம் ஓடியது. துர்க்கா பூஜைக்கு வந்தால் காளி பூஜைக்குள் மறுபடியும் பெட்டி கட்டிவிடுவார். முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்த பிறகுதான் வீட்டோடு தங்கினார்.

அந்தக் குளிர்காலத்தில் கொல்கத்தாவுக்கு ஒரு மாநாட்டுக்காக வந்த பெர்மெத், ஆசிரியரைப் பார்க்காமல் திரும்புவதா என்று ரயிலேறி வந்துவிட்டாள். பிஷ்கெக்கில் அரசு மருத்துவமனை டாக்டர், ஐம்பதைத் தாண்டியவள். சுகோமலின் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து அவரிடம் ஓயாமல் சண்டை போட்டவளும் அவள்தான்.

சுகோமலின் மனைவி ரேபா காலையிலிருந்து அடுப்படியை விட்டு வரவில்லை. பட்டாணி அடைத்த கச்சோரி, கடுகு அரைத்த மீன் குழம்பு, ஈச்ச வெல்லப் பாயசம். விருந்தாளிக்கு வங்க மொழி தெரியாது, ரேபாவுக்கு ஆங்கிலம் தெரியாது. இரண்டு பேரும் சிரித்தே சமாளித்துக்கொண்டிருந்தார்கள். பாயசக் கிண்ணத்தை வைக்கும்போது ரேபாவுக்கு இருமல் வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள். உள்ளேயும் இருமல் நிற்கவில்லை.

"எவ்வளவு நாளா இருக்கு, சார்?" என்று பெர்மெத் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"அது வருஷா வருஷம் குளிருக்கு வர்றதுதான். மருந்து குடுப்பேன். கொஞ்சம் கேக்கும், திரும்ப வந்துடும்."

"உக்கார வெச்சு முழுசா விசாரிச்சீங்களா?"

"வீட்டு ஆளுங்களை நாமளே விசாரிக்கக் கூடாதுன்னு நான்தானே சொல்லிக் குடுத்தேன்? பதில் நமக்கு முன்னாடியே தெரியும்னு நெனச்சுப்போம். காது திறக்காது."

"சரி. வேற யாரையாவது விசாரிக்கச் சொன்னீங்களா?"

சுகோமல் தட்டில் இல்லாத முள்ளைத் தேட ஆரம்பித்தார்.

"அப்போ நான் கேக்குறேன். நீங்க மொழிபெயருங்க," என்று பெர்மெத் கை கழுவ எழுந்துவிட்டாள்.

விஷயத்தைச் சொன்னதும் ரேபா வெட்கப்பட்டுச் சிரித்தாள். "நல்லா இருக்கு! வீட்டுக்கு வந்த பொண்ணைச் சாப்பிட்ட கையோட வேலை வாங்குறீங்களா?" ஆனாலும் கையைத் துடைத்து, முந்தானையைச் சரிசெய்து, போட்டோ எடுக்க உட்காருவதுபோல நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

எந்தப் பக்கமாகப் படுத்தால் இருமல் வருகிறது என்று பெர்மெத் கேட்டாள். "வலது பக்கம்," என்றார் சுகோமல்.

"சார், நான் உங்களைக் கேக்கல."

அவர் கேட்டார். "இடது பக்கம்," என்றாள் ரேபா.

"நீ வலது பக்கமாத்தானே படுப்ப?"

"அது நீங்க ஊர்ல இருக்கும்போது. உங்க குறட்டைக்கு முதுகைக் காட்ட வேண்டாமா?"

அதையும் அவர் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. பெர்மெத் வாய்விட்டுச் சிரித்தாள். தாகம் எடுக்குமா, புளிப்பு பிடிக்குமா, வெயில் ஒத்துக்கொள்ளுமா என்று கேள்விகள் போயின. எதற்கு அதிகம் பயம் என்று கேட்டபோது ரேபா யோசிக்கவே இல்லை. "டெலிபோன் மணிக்கு. வேளை கெட்ட வேளையில அடிச்சா, இவருக்கு அங்க என்னமோ ஆயிடுச்சுன்னு தோணும்."

சுகோமல் அதைத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"முதல் தடவை எப்போ வந்தது, இந்த இருமல்?"

ரேபா கணவரைப் பார்த்தாள், பிறகு பெர்மெத்தைப் பார்த்துப் பேசினாள். "இவரோட அம்மா தவறின குளிர்காலம். இவர் பிரேசில்ல இருந்தாரு. என் மாமியாருக்குக் கடைசியில கண்ணும் தெரியல, ஆளும் தெரியல. 'கோகா வந்துட்டானா, கோகா வந்துட்டானா'ன்னு ஒரே கேள்வி. இவரைத்தான் வீட்டுல அப்படிக் கூப்பிடுவாங்க. டிக்கெட் கிடைக்கல, இன்னும் வரலன்னு எத்தனை தடவை சொல்றது? ஒருநாள் மனசு கேக்கல. தொண்டையை இறுக்கிக்கிட்டு, இவர் குரல்ல, 'வந்துட்டேம்மா'ன்னு சொன்னேன். நம்பிட்டாங்க. கையைப் பிடிச்சவங்க விடவே இல்ல. ரேபாவா பேசினா வாய் திறக்க மாட்டாங்க. கோகாவா பேசினாத்தான் ரெண்டு வாய் பார்லித் தண்ணி இறங்கும். அவங்க போற வரைக்கும் அந்தக் குரல்லயே பேசினேன். அப்போ கட்டின தொண்டை."

நிம்மதியாகத்தான் போனாங்க என்று ரேபா அன்று டெலிபோனில் சொன்னது சுகோமலுக்கு நினைவிருந்தது. காரியத்துக்கு வந்து, தலையை மழித்துக்கொண்டு, பத்து நாளில் திரும்பிப் போனதும் நினைவிருந்தது.

"ஒரு சாவுக்கு அப்புறம் ஆரம்பிச்சதாம்," என்றார் பெர்மெத்திடம்.

"நான் அவ்வளவு நேரம் பேசினேன், நீங்க ஒரே வரியில முடிச்சிட்டீங்க?" என்றாள் ரேபா.

பெர்மெத் ஒன்றும் கேட்கவில்லை. பேசுகிறவர் நின்றுவிட்டால் குறுக்கே பேசாதே, காத்திரு என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். காத்திருந்தாள். சுகோமல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். எத்தனையோ மேடையில் பேசிய ஆங்கிலம் அன்று தட்டுத் தடுமாறியது. 'வந்துட்டேம்மா' என்ற இடத்தில் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. ரேபா தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"ஏன் எங்கிட்டச் சொல்லவே இல்ல?"

"எப்போ சொல்றது? வரும்போதே திரும்பிப் போற டிக்கெட்டோட வருவீங்க. அதுவும் இல்லாம, சொன்னா குத்திக் காட்டுற மாதிரி இருக்கும். அம்மாவைப் பொறுத்தவரைக்கும் நீங்க வந்துட்டீங்க. போதும்னு விட்டுட்டேன்."

அவர் மேசைக்குக் குறுக்கே அவள் கையைப் பிடித்தார். விருந்தாளி முன்னால் ரேபாவுக்குக் கூச்சமாக இருந்தது. இருந்தாலும் கையை எடுத்துக்கொள்ளவில்லை.

பெர்மெத் பையிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்து ரேபாவின் முதுகில் வைத்து நிதானமாகக் கேட்டாள். "மருந்தெல்லாம் அப்புறம், சார். முதல்ல எக்ஸ்ரே. இத்தனை வருஷம் எடுக்காம விட்டதுக்கு உங்களை என்ன சொல்றதுன்னே தெரியல."

"திட்டிடு. எனக்கு நல்லா வேணும்," என்றார் சுகோமல்.

மறுநாள் மூன்று பேரும் போனார்கள். பயப்படும்படி நெஞ்சில் எதுவும் இல்லை. இழுப்புக்கு முந்தைய நிலை என்று நுரையீரல் டாக்டர் மூச்சோடு உள்ளிழுக்கும் மருந்து எழுதிக்கொடுத்தார். பெர்மெத் தன் பங்குக்கு ஒரு சின்னப் புட்டியில் சீனி உருண்டைகள் வைத்துவிட்டு ஊருக்குப் போனாள். எது வேலை செய்ததோ, இருமல் பாதிக்கு மேல் அடங்கியது. முழுக்கப் போகவில்லை.

வசந்தகால வகுப்புக்குப் பிஷ்கெக்கிலிருந்து அழைப்பு வந்தபோது சுகோமல் வரமுடியாது என்று சொல்லிவிட்டார்.

"ஏன்?" என்றாள் ரேபா.

"உன்னோட இருக்கலாம்னு."

"இருந்து? நாள் முழுக்க உங்களுக்கு டீ போட்டுத் தந்தே என் இடுப்பு ஒடிஞ்சுடும்." கொஞ்ச நேரம் கழித்து, துணி மடித்தபடியே கேட்டாள். "என்னையும் கூட்டிக்கிட்டுப் போகக் கூடாதா?"

இவ்வளவு காலத்தில் அவள் அதைக் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை.

பாஸ்போர்ட் எடுத்து, கம்பளிச் சால்வை இரண்டு வாங்கி, சித்திரையில் கிளம்பினார்கள். பெர்மெத்தின் வீட்டில்தான் தங்கினார்கள். முதல் நாள் காலை வகுப்புக்குக் கிளம்பும்போது சுகோமல் சமையலறையை எட்டிப் பார்த்தார். பெர்மெத் ஆட்டுக்கறி அடைத்த கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருந்தாள். ரேபா பக்கத்தில் நின்று தன் ஊர் வழக்கப்படி ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி கிர்கிஸில் பேச, இன்னொருத்தி வங்க மொழியில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அவ என்ன சொல்றான்னு கேட்டுச் சொல்லட்டுமா?" என்றார்.

"ஒண்ணும் வேண்டாம். அவ மாமியாரைப் பத்திச் சொல்றா. எனக்கு எல்லாம் புரியுது," என்றாள் ரேபா, மாவுக் கையால் அவரை விரட்டியபடி. "நீங்க போய் உங்க பாடத்தை நடத்துங்க. மதியம் நேரத்தோட வந்துடுங்க, சூடு ஆறிடும்."