தாமரை மேடையேறிய ஞாயிறு

லூபஸ் நோயைப் பற்றி டாக்டர் கேரன் விளக்கியபோது நான் நன்றாகத் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்குப் பதினைந்து வருட அனுபவம். வார நாட்களில் போர்ட் கிள்ளான் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். சனி, ஞாயிறில் டைரக்ட் சேல்ஸில் உடம்புக்கு நல்லதென்று ஒரு பச்சைப் பொடி விற்கிறேன். இரண்டு இடத்திலும் தலையாட்டாமல் பிழைக்க முடியாது.

என் மனைவி தாமரைக்கு ஆறு மாதமாக மூட்டுவலி. வெயிலில் நின்றால் இரண்டு கன்னமும் மூக்கும் சேர்ந்து சிவக்கும். நான் அதை அழகு என்று சொல்லி, துணி காயப்போடும் வேலையை அவளுக்கே விட்டிருந்தேன்.

"அபார்ட்மெண்ட் கேட்ல காவலுக்கு ஜாகா நிப்பாருல்ல, அங்கிள்? நம்ம உடம்புக்கு இம்யூன் சிஸ்டம்தான் ஜாகா. லூபஸ்னா அவருக்கு யாரு திருடன், யாரு வீட்டுக்காரன்னு தெரியாமப் போயிடுது. வீட்டுக்காரங்களையே அடிக்கிறாரு. தோலு, மூட்டு, கிட்னி, எதையும் விடமாட்டாரு. இந்த மாத்திர அவர அடக்கி வைக்கும். நீங்களா நிறுத்திடாதீங்க," என்றார் டாக்டர்.

என் காதில் விழுந்தது 'இம்யூன்' மட்டும்தான். பொடி விற்பவனுக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் ஒரே நோய்தான் தெரியும், பலவீனம். அதற்கான மருந்து என் வீட்டுக் கட்டிலுக்கடியில் பதினெட்டு டப்பா கிடந்தது.

இரண்டு மாதத்தில் ஸ்டீராய்டு மாத்திரையால் தாமரையின் முகம் உருண்டுவிட்டது. பக்கத்து வீட்டு வீரம்மா, ஏதும் விசேஷமா என்று கேட்டுவிட்டாள். நாற்பத்து நாலு வயதில். தாமரை அன்று முழுக்கக் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தாள். மனைவி அழுதால் எனக்கு வைத்தியம் வந்துவிடும். மாத்திரையை நிறுத்தச் சொன்னேன். காலையும் மாலையும் ஒரு கரண்டி பச்சைப் பொடி. முகம் வற்றத் தொடங்கியது. எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

எங்கள் கம்பெனியில் மாதக் கடைசி ஞாயிறு பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபம் ஒன்றில் கூட்டம். குணமானவர்கள் மேடையேறி, என்ன நோய், எத்தனை டப்பா என்று சாட்சி சொல்ல வேண்டும். பதினைந்து வருடத்தில் நான் ஒருவரையும் மேடையேற்றியதில்லை. என் பொடியில் யாரும் குணமாகவில்லை என்பது சின்னத் தடை. விற்பனை லைனில் எனக்கு மேலே இருந்த பிரவின், அக்காவை ஏற்றுங்கள் அண்ணே என்றான்.

கூட்டத்தன்று காலை தாமரைக்குச் செருப்பு நுழையவில்லை. கால் அவ்வளவு வீக்கம். சிறுநீர் சோப்புத் தண்ணீர்போல நுரைக்கிறது என்றாள். நச்சு வெளியேறுகிறது என்றேன். பயிற்சியில் அப்படித்தான் சொல்லித் தந்திருந்தார்கள். என் செருப்பைப் போட்டுக்கொண்டு மேடையேறினாள். சேலை மறைத்தது. லூபஸ் இருந்தது, ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்திவிட்டேன், இப்போது நன்றாக இருக்கிறேன் என்று நான் எழுதிக்கொடுத்ததை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தாள். பிரவின் வீடியோ எடுத்து எல்லா வாட்ஸாப் குழுவிலும் போட்டான். நான் விசிலடித்தேன்.

பதினோராம் நாள் மூச்சுத் திணறி விழுந்தாள். டாக்டர் கேரன் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். டப்பாவின் பின்பக்கத்தை நிதானமாகப் படித்தார்.

"எதிர்ப்பு சக்திய தூண்டும்னு போட்டிருக்கு, அங்கிள். அடிக்கிற ஜாகாவோட கைய நாங்க கட்டி வச்சிருந்தோம். நீங்க அவுத்துவிட்டு, கையில தடியும் குடுத்திருக்கீங்க."

இரண்டு கிட்னியும் போயின. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். தாமரை சண்டை போடவில்லை. ஒருநாள் மட்டும், "நீங்க சொல்லி வாங்குன ஒரே ஆளு நான்தான்ல" என்றாள்.

போன செவ்வாய் டயாலிசிஸில் அவள் கையில் ஊசி ஏறியிருந்தபோது என் போன் அடித்தது. ரவாங்கிலிருந்து ஷாமினி என்ற பெண். பிரவின்தான் என் எண்ணைக் கொடுத்தானாம். பத்தொன்பது வயதுத் தங்கைக்கு லூபஸ். வீடியோவைப் பார்த்துப் போன வாரம் மருந்தை நிறுத்திவிட்டார்களாம். ஆன்டி எத்தனை டப்பாவில் குணமானார் என்று கேட்டாள்.

அப்புறம் பேசுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். தாமரை ஊசியில்லாத கையை நீட்டினாள்.

"நீங்க பேசுனா விக்கிற மாதிரியே இருக்கும். குடுங்க."

வீடியோ காலுக்கு மாற்றி, குழாய்களைக் காட்டினாள், ரத்தம் சுற்றும் மெஷினைக் காட்டினாள். மேடையில் சொன்னது பொய், இப்போதே தங்கையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்றாள்.

"ஆஸ்பத்திரில இப்படிச் சொல்லச் சொன்னாங்களா, ஆன்டி?" என்று கேட்டுவிட்டு ஷாமினி போனை வைத்துவிட்டாள்.

தாமரை திரும்ப அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தாள். மெஷினைக் கழற்ற இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. நான் ரவாங்குக்கு ஓடத் தயார், ஆனால் வீடு தெரியாது. என் போன் தாமரையிடம் இருந்ததால் தாதியிடம் போன் வாங்கிப் பிரவினைக் கூப்பிட்டு ஷாமினியின் முகவரி கேட்டேன்.

"அந்தப் பொண்ணு என் லைன்ல சேந்துட்டாங்க, அண்ணே," என்றான் பிரவின். "அடுத்தவன் கஸ்டமர நீங்க தொடக்கூடாது லா. ரூல்ஸ் தெரியும்ல?"