ரேணுகாம்பாள் தரைக்கு வந்து சேர்ந்த கதை

தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், பிள்ளையார்பாளையத்தில், ரேணுகாம்பாள் தன் வீட்டுக் கூடத்தில் வழுக்கி விழுந்தாள். தரைக்கு வந்து சேர்ந்தது வைகாசியில். இடைப்பட்ட மாதங்களில் கால் முன்னே நீண்டு, முதுகு பின்னே சாய்ந்து, வலது கை பிடிமானம் தேடி விரிந்தபடி, கூடத்துச் சுவரோரமாக அந்தரத்தில் இருந்தாள். இறங்கிக்கொண்டுதான் இருந்தாள், கண்ணுக்குத் தெரியாத வேகத்தில். முதல் இரண்டு நாள் தெருவே வந்து பார்த்தது. அப்புறம் அவரவருக்குத் தறி வேலை இருந்தது.

வழுக்கியதற்குக் காரணம் ஊரறிந்தது. அவள் கணவர் முனிரத்தினம், தறியில் ஏற்றப்போகும் பட்டு நூல் பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சி பூசும் நாட்களில், அரிசிக் கஞ்சி வாளியைக் கூடத்தின் வழியாகத்தான் தூக்கிப் போவார். பக்கத்துச் சந்து சும்மாதான் கிடந்தது. ஆனால் அவருடைய அப்பா கூடத்தின் வழியாகப் போனவர். சொரசொரப்பான பழைய சிமெண்டுத் தரை இருந்தவரை சிந்திய கஞ்சியால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போன வருஷம், வைகாசிக் கருட சேவைக்கு வரும் உறவுக்காரர்கள் மூக்கின்மேல் விரல் வைக்க வேண்டும் என்று, அதைக் கொத்தி எடுத்துவிட்டு முகம் பார்த்துத் தலைவாரிக்கொள்ளக்கூடிய டைல்ஸ் போட்டார். உறவுக்காரர்களும் விரலை வைத்தார்கள். வாளி போகும் வழியை மாற்ற வேண்டும் என்பது மட்டும் அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை.

ரேணுகாம்பாளுக்கு எலும்பு மெலிந்துவிட்டது, ஒருமுறை விழுந்தால் இடுப்பு போய்விடும், பிறகு எழுந்து நடப்பது சந்தேகம் என்று எலும்பு டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அதனால் அவள் தரையைத் தொடப்போகும் நாளுக்குள் ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது. நாலு ஆட்கள் சேர்ந்து தூக்கி நிமிர்த்தப் பார்த்தார்கள்; அசையவில்லை. அடியில் மெத்தையைப் போட்டார்கள். மெத்தை டைல்ஸில் வழுக்கிக்கொண்டு போய் எதிர்ச் சுவரோரம் நின்றது. மெத்தையைக் கயிற்றால் கட்டிப் பார்த்தும் அதே கதைதான்.

ரேணுகாம்பாள் அங்கிருந்தபடியே சாப்பிட்டாள், மடியில் முறம் வைத்து அரிசி பொறுக்கினாள், சீரியல் பார்த்தாள். சாய்ந்தே இருப்பவளுக்கு, நிற்பவர்கள் பார்க்காத பல விஷயங்கள் கண்ணில் பட்டன. டேபிள் ஃபேன் வயர் குறுக்கே ஓடுவது, பின்கட்டுப் படி ஒன்று மட்டும் உயரமாக இருப்பது, குளியலறையில் பல்பு எரியாதது. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல முனிரத்தினம் சரி செய்தார். கொத்தனார் தாவீதை வரவழைத்துக் குளியலறையில் கைப்பிடி வைத்தார். கூடத்துச் சுவரில் எந்த உயரத்தில் வைப்பது என்று தாவீது கேட்டபோது ரேணுகாம்பாள் விரித்திருந்த கையைக் காட்டினாள்.

"விழறவ கை எங்க போவுதோ அங்க வைப்பா. நிக்கிறவன் கையப் பாத்து வைக்காத."

தாவீது அப்படியே வைத்தார். இப்போது அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அவர் கைப்பிடியை அந்த உயரத்தில்தான் வைக்கிறார். கஞ்சி வாளியும் சந்து வழியாகப் போகத் தொடங்கியது. ஆனால் டைல்ஸில் மட்டும் முனிரத்தினம் கைவைக்கவில்லை. அவருக்கு மனைவி மேல் பிரியம் இல்லாமல் இல்லை; டைல்ஸ் மேலும் இருந்தது. ரேணுகாம்பாளும் அதைப் பெயர்க்கச் சொல்லி ஒரே ஒருமுறை கேட்டுவிட்டு விட்டுவிட்டாள்.

சித்திரை முடிவதற்குள் அவள் குதிகால் தரைக்கு ஒரு சாண் உயரத்துக்கு வந்து, அங்கேயே நின்றது. வைகாசி பிறந்தும் இறங்கவில்லை. கருட சேவைக்கு முந்தின நாள் உறவுக்காரர்கள் வந்து இறங்கி, சோற்றுத் தட்டோடு அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வாலாஜாபாத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் சுகாசினி, எல்லோர் எதிரிலும் கேட்டாள்.

"டைல்ஸு ஒடஞ்சா வேற போட்டுக்கலாம் நைனா. அம்மா இடுப்பு ஒடஞ்சா இன்னா பண்ணுவ?"

முனிரத்தினம் கையிலிருந்த உருண்டையைத் தட்டில் வைத்தார். அண்ணாந்து மனைவியைப் பார்த்தார். அவளும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அவருக்குப் பயம் வந்தது. இத்தனை மாதமும் வராத பயம். கைகூடக் கழுவாமல் பின்கட்டுக்குப் போய்க் கடப்பாரையோடு வந்தார். போன வருஷம் மெச்சியவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். அவள் காலடியில் தொடங்கி வாசல்வரை ஒரு வில்லை விடாமல் பெயர்த்தார். சில்லுகளைக் கூட்டி அள்ளினார். அடியில் கரடுமுரடான கலவைத் தளம் தெரிந்தது.

ரேணுகாம்பாளின் குதிகால் இறங்கி அதன்மேல் பதிந்தது. கை கைப்பிடியைப் பிடித்தது. நிமிர்ந்து நின்று புடவையை உதறிவிட்டாள். விழுந்து எழ இவ்வளவு நாளா என்று நாத்தனார் கேட்டாள்.

"கீழ அந்த டைல்ஸு இருந்துச்சே. அதுல எப்படிம்மா இறங்குறது?"

நாத்தனாருக்கு அது நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் விடியற்காலை எல்லோரும் கருட சேவைக்குப் புறப்பட்டார்கள். ரேணுகாம்பாள் நடந்தே வந்தாள். முனிரத்தினம் அவளுக்கு இரண்டடி முன்னால், கருடன் மேல் வந்த பெருமாளைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.