ஒருவரை மட்டும் மறைத்தல்

செவ்வாய்க்கிழமை மதியம், கண்ணாடிக் கடையின் ஷட்டர் சாப்பாட்டுக்காகப் பாதி இறங்கியிருந்தது. அவள் கை கழுவிவிட்டு வந்து கணினி முன் உட்கார்ந்தாள். கணவர் உள்ளே கண் பரிசோதிக்கும் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு அவனை நம்ம வெப்சைட்லேருந்து தூக்கிடு," என்றார்.

அவன் என்றால் அவருடைய தம்பி. கொஞ்ச நாள் முன்பு, லென்ஸ் வெட்டுகிற இயந்திரத்தைப் புதிதாக வாங்க வேண்டும் என்றான் தம்பி. இருப்பதே போதும் என்றார் அண்ணன். பேச்சு இயந்திரத்தை விட்டு எங்கெங்கோ போனது. மறுவாரம் தம்பி இரண்டு தெரு தள்ளியிருந்த பெரிய கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

கடையின் இணையப் பக்கத்தில் அவன் இன்னும் இருந்தான். பக்கத்தைச் செய்ததே அவன்தான். மாமியார், கணவர், அவள், அவன் என்று நான்கு பேருக்கு நான்கு பெட்டி. தன் படத்துக்குக் கீழே 'லென்ஸ் பொருத்துபவர். அவசரமென்றால் இவரைக் கேளுங்கள்' என்று எழுதியிருந்தான். வாடிக்கையாளர்கள் கேட்டார்கள். கேட்கும்போதெல்லாம் கணவரின் முகம் போகிற போக்கை அவள் பார்த்திருந்தாள்.

சலவைக்கடை மாடியில் நடக்கும் கணினி வகுப்புக்கு அவள் போய்க்கொண்டிருந்தாள். இணையப் பக்கத்தை எழுதும் எச்.டி.எம்.எல். முடிந்து, அது எப்படித் தெரிய வேண்டும் என்று விதி சொல்லும் சி.எஸ்.எஸ். தொடங்கியிருந்தது. தலைப்புக்கு ஒரு டேக், பத்திக்கு ஒரு டேக், திறந்ததை மூட வேண்டும். அதுவரை யாருக்கும் சிரமமில்லை. ஒரு விதி யாருக்கு என்று குறிக்கும் செலக்டரில்தான் வகுப்பு தடுமாறியது.

"டேக் பேரைச் சொன்னா அந்த வகை மொத்தமும் திரும்பிப் பாக்கும்," என்றாள் ஆசிரியை. "கிளாஸைச் சொன்னா அந்தக் கூட்டம் மட்டும். ஐடியைச் சொன்னா ஒரே ஒரு ஆள்."

"எங்க மாமியார் 'ஏய்'னா மூணு மருமகளும் திரும்புவோம்," என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. "அது எது?"

"அது டேக்."

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டா?"

"அது ஐடி."

"அப்ப அந்த வீட்டுல எனக்கு ஐடியே கிடையாது."

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள்.

இப்போது கோப்பு திறந்திருந்தது. தம்பியின் பெட்டி எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அத்தனை வரிகளையும் தேர்ந்தெடுத்து ஒரு விசையைத் தட்டினால் போதும். அவள் தட்டவில்லை. ஒன்றை அழிக்காமலே காட்டாமல் வைக்கும் விதி ஒன்று வகுப்பில் வந்திருந்தது. பெட்டி கோப்பில் அப்படியே இருக்கும், பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. விதியை எடுத்துவிட்டால் திரும்ப வந்துவிடும்.

கொழுந்தன் திரும்பி வருவான் என்று அவள் நினைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

அவன் பெட்டியின் கிளாஸ் பெயர் 'ஆள்' என்றிருந்தது. கிளாஸ் என்று காட்ட முன்னால் ஒரு புள்ளி வைத்து அந்தப் பெயரை எழுதி, மறைக்கும் விதியைச் சேர்த்தாள். யாரோ ஷட்டரைத் தட்டினார்கள். உடைந்த பிரேமைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்திருந்தார் ஒருவர். அவள் கோப்பை ஏற்றிவிட்டு எழுந்தாள். பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை.

சாயங்காலம் மாமியார் வீட்டிலிருந்து போன் செய்தார்.

"ஏம்மா, தங்கச்சிகிட்ட என் போட்டோவைக் காட்டலாம்னு திறந்தா ஆளையே காணோம். நான் உயிரோடதானே இருக்கேன்?"

"இருக்கீங்க அத்தை."

"உன்னையும் காணோம். உன் புருஷனையும் காணோம். குடும்பத்தோட எங்க போனோம்?"

அதற்குள் பக்கத்து மருந்துக்கடைக்காரர் போனை நீட்டிக்கொண்டே வந்தார். "கடையைக் கைமாத்திட்டீங்களா? ஒரு வார்த்தை சொல்லல பாத்தீங்களா?"

கணவர் சிரிக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் போனதும் திரைக்கு வந்து குனிந்தார். 'எங்கள் கடையில்' என்ற தலைப்பு. அதன் கீழே யாருமில்லை. அடுத்து முகவரி.

"அவனை மட்டும்தானே சொன்னேன்?"

"நாலு பேருக்கும் ஒரே கிளாஸ். அதைச் சொன்னதும் நாலு பேரும் போயிட்டோம்."

"வேணும்னே செஞ்சிருக்கான்."

"இல்லீங்க. எல்லாருக்கும் ஒரே அளவு, ஒரே பார்டர் வரணும்னா அப்படித்தான் வைப்பாங்க."

"எனக்குப் பாடம் எடுக்காத. சரி பண்ணு."

அவர் மேசைக்குப் போய் அந்த உடைந்த பிரேமைக் கையில் எடுத்தார். அவளுடைய போன் அடித்தது. கொழுந்தன். கை விசைப்பலகையில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா சொன்னாங்க. புள்ளி வச்சீங்களா அண்ணி?"

"வச்சேன்."

"மொத்தக் குடும்பத்தையும் ஒரே புள்ளியில முடிச்சிட்டீங்களே." சிரித்தான். "யாரைத் தூக்கப் பாத்தீங்க?"

அவள் விதி இருந்த வரிக்குப் போனாள். சிரிப்பு அடங்கியது.

"சரி. எழுதுங்க. என் பெட்டி நாலாவது. திறக்கிற டேக்குல, கிளாஸுக்குப் பக்கத்துல ஒரு ஐடி குடுங்க."

"என்ன பேர்?"

"எது வேணா வைங்க. வேற யாருக்கும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்."

அவள் 'தம்பி' என்று அடித்தாள்.

"இப்ப விதியில அந்தப் புள்ளியையும் பேரையும் எடுத்துட்டு, ஹாஷ் போட்டு இந்த ஐடி."

அடித்தாள்.

"விதியைப் படிங்க பாப்போம்."

படித்தாள்.

"இது மறைக்கிறதுல்ல? பெட்டியையே அழிச்சிருந்தா இவ்வளவு வேலை இல்லையே அண்ணி."

"அழிச்சா திரும்பக் கொண்டுவர முடியாதே."

மேசையில் பிரேமைத் திருகிக்கொண்டிருந்த திருப்புளி நின்றது.

"திரும்பக் கொண்டுவரவா?" என்றார் கணவர்.

அவள் திரும்பவில்லை. போனில், அந்தக் கடையில் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது. தம்பி போனை வைக்கவில்லை.

"ஏத்திட்டு ரீஃப்ரெஷ் பண்ணுங்க," என்றான்.

ஏற்றினாள். பக்கம் வெள்ளையாகி மீண்டும் வந்தது. மாமியார் வந்தார். கணவர் வந்தார். அவள் வந்தாள். கணவர் பிரேமைக் கையில் வைத்துக்கொண்டே அவள் பின்னால் வந்து நின்றார். திரையைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார்.

"அண்ணே," என்றது போன். "நான் போயிட்டேனா?"