கொக்கு நின்ற இடம்

வேகவதி ஆற்றங்கரைக்குக் கலைத் திருவிழா வருகிறதாம். எங்கள் வீட்டுச் சுவர்களில் சும்மாவே படம் வரைந்து தருவார்களாம். சும்மா வருகிற எதையும் நான் நம்பமாட்டேன். போன வருஷம் அக்கரைக்கும் அதிகாரிகள் பெயின்டோடுதான் வந்தார்கள். சுவருக்குச் சுவர் சிவப்பில் நம்பர் போட்டார்கள். அப்புறம் பொக்லைன் வந்தது. இன்றைக்கு அங்கே ஒரு வீடு கிடையாது.

"உனுக்கு எல்லாத்துலயும் சந்தேகந்தான், பூவம்மா. இந்த சாக்கடை நாத்தத்துக்கு நாலு பேரு வந்தா உன் இட்லிதானே விக்கும்?" என்றாள் பக்கத்து வீட்டு கிரேஸ்.

என் புருஷன் தனசேகரன் அவளுக்கும் மேல். ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு, சென்னையிலிருந்து வரைய வந்த அபிநயாவுக்கு ஸ்டூல் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண்ணும் நல்ல மாதிரிதான். "ஆன்ட்டி, ஆன்ட்டி" என்று என் இட்லியை ஒரு கை பார்த்தாள். ஆனால் சுவர்களைப் பச்சைத் துணியால் மறைத்தல்லவா வரைந்தார்கள்! எட்டிப் பார்த்தால், "சர்ப்ரைஸ் ஆன்ட்டி" என்றாள்.

"உள்ள என்னாதான்யா வரையுது அந்தப் பொண்ணு?"

"கிட்ட நின்னா இன்னா தெரியும்? நீலமா இருக்குது, பச்சையா இருக்குது" என்றார்.

திருவிழா அன்று காலை துணியை இறக்கினார்கள். வரிசையாக இருந்த எங்கள் சுவர்கள் எல்லாம் சேர்ந்து ஒரே படம். அடேயப்பா! எங்கள் கரையேதான். வளைவில் நிற்கிற அரசமரம்கூட அப்படியே இருந்தது. நீலத் தண்ணீர், புல்வெளி, தூரத்தில் கோபுரம். ஜனம் கைதட்டியது. நானும் தட்டிக்கொண்டே என் வீட்டைத் தேடினேன்.

கிரேஸ் வீடு இல்லை. யார் வீடும் இல்லை. அரசமரத்துக்குப் பக்கத்தில், என் வீடு இருக்க வேண்டிய இடத்தில், ஒரு கொக்கு நின்றிருந்தது.

"எங்க வீடுங்கல்லாம் எங்கம்மா?"

அபிநயாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "டிசைன் விழா நடத்துறவங்க குடுத்தது ஆன்ட்டி. வீடு வேணாம்னுட்டாங்க. இனிமே கரை இப்படித்தான் இருக்கப் போவுதுன்னு..." தலை குனிந்துகொண்டாள்.

பாவி, இது நம்பரை விட மோசம். கீழே கிடந்த கறுப்பு பெயின்டில் பிரஷ்ஷை முக்கினேன். கொக்கின் மேலேயே நாலு கோடு இழுத்துச் சுவர் எழுப்பினேன்.

"ஏம்மா! படத்தைக் கெடுக்காதே!" என்று விழா பேட்ஜ் குத்திய ஒருவர் ஓடி வந்தார்.

"என் வீட்டு செவுருபா இது. நான் வரைவேன்."

தனசேகரன் ஸ்டூலைக் கொண்டுவந்து என் பக்கத்தில் போட்டுப் பிடித்துக்கொண்டார். ஏறிக் கூரை போட்டேன், வாசற்படி வைத்தேன்.

பின்னாலிருந்து கிரேஸின் குரல் கேட்டது. அழுதுகொண்டிருந்தாள்.

"பூவம்மா, என்னுது ரெண்டு ரூமு. மறந்துடாத."