ஜன்னலோரச் சாவி

நோதாரின் கார் அவர் வீட்டு வாசலில் மட்டும்தான் செத்துப்போகும். வேறெங்கே நிறுத்தினாலும் மறுநாள் காலையில் பூனை மாதிரி சத்தமில்லாமல் கிளம்பும். மெக்கானிக் ஷெட்டில் ஒரு வாரம் கிடந்தது, ஒரு நாள்கூட மக்கர் பண்ணவில்லை. "பேட்டரி பழசுதான், ஆனா தாங்கும். வேற ஒரு குறையும் இல்ல" என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார். முற்றத்துக்குத் திரும்பி ஒரு ராத்திரி நின்றதும் ரிமோட்டுக்குக் கதவுகூடத் திறக்கவில்லை.

அமெரிக்காவில் எவரோ மோதி நசுக்கி, கப்பலேறி வந்து, ஜார்ஜியாவின் ருஸ்தாவி நகரத்தில் தட்டி நிமிர்த்தப்பட்ட கார் அது. வயது பதினாறு. பெட்ரோலிலும் ஓடும், மின்சாரத்திலும் ஓடும். தோல் இருக்கை, மரம் பதித்த ஸ்டீயரிங். பல் செட் கட்டிப் பிழைக்கும் நோதாருக்கு அதை வாங்கிய நாளிலிருந்து நடையே மாறிவிட்டது. திபிலிசியில் அவர் வீடு தரைத்தளம். ஜன்னலுக்கு நேர் கீழே, சுவரை உரசுகிற மாதிரி காரை நிறுத்துவார். சாவியை ஜன்னல் விளிம்பில், முத்திரை மேலே தெரிய வைப்பார். விருந்துக்கு வருகிறவன் முதலில் சாவியைப் பார்க்கவேண்டும், அப்படியே கண்ணாடி வழியாகக் காரையும் பார்த்துவிடவேண்டும்.

சனிக்கிழமை மகள் ஏகாவுக்குக் கல்யாணம். தேவாலயத்துக்கு அவளைத் தானே இந்தக் காரில் ஓட்டிப்போவதாகத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். வியாழன் காலை கார் மறுபடி பிணமாகக் கிடந்தது. திறந்த பானெட்டைச் சுற்றி முற்றத்து ஆண்கள் கூடிவிட்டார்கள்.

"அமெரிக்கா கரண்ட்டு நூத்திப்பத்து, நம்மளுது எரநூத்தி இருவது. ஒத்துக்கல" என்றார் பக்கத்து வீட்டு வாலிகோ. வானொலி நிலையத்தில் வேலை பார்த்தவர் என்பதால் பலரும் தலையாட்டினார்கள்.

"இதை எந்தப் பிளக்குலய்யா சொருகினேன்?" என்றார் நோதார்.

"சொருகலைன்னா என்ன, காத்துல கலந்திருக்குமில்ல."

பாதிரியார் வந்து தீர்த்தம் தெளித்தார். பானெட்டுக்குள்ளும் கொஞ்சம் தாராளமாகவே தெளித்தார். நோதாரின் மனைவி லமாராவின் தம்பி தெங்கிஸ் தன் கறுப்பு ஜீப்பிலிருந்து வயர் போட்டு காருக்கு உயிர் கொடுத்தான்.

"அத்தான், பேசாம ஏகாவை என் ஜீப்புல அனுப்பிடுங்க. தாய்மாமனுக்கு அந்த உரிமைகூட இல்லையா?"

"உன் ஜீப்பு போன மாசம் பாலத்து மேல நின்ன கதை ஊருக்கே தெரியும்டா."

"அது ஓடிக்கிட்டிருந்து நின்னுச்சு அத்தான். உங்களுது எழுந்திரிக்கவே மாட்டேங்குதே."

நோதார் அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். ஏகா சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. "அப்பா, நான் மாமா வண்டியிலயே போயிடறேனே."

இந்த வகைக் காருக்குள் இரண்டு பேட்டரி. பின்சீட்டுக்கு அடியில் படுத்திருக்கும் பெரியது காரையே இழுக்கும். டிக்கி மூலையில் இருக்கும் சின்னது எல்லாக் காரிலும் இருப்பதுதான். ஆனால் பெரியதை இணைக்கும் சுவிட்சைத் தட்டிவிடுவது இந்தச் சின்னதுதான். அமைச்சர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் வாட்ச்மேன் கேட்டைத் திறந்தால்தானே உள்ளே போகமுடியும்? இங்கே ராத்திரியானால் வாட்ச்மேனை எவரோ அடித்துப் போட்டுவிடுகிறார்கள். யார் என்பதுதான் நோதாருக்குப் பிடிபடவில்லை.

அன்று மாலை உறவுக்காரர்களுக்கு விருந்து. வாழ்த்துக்கு மேல் வாழ்த்துச் சொல்லி, சாச்சா என்கிற திராட்சைச் சாராயத்தைக் கோப்பை கோப்பையாகக் கவிழ்த்த நோதார், "இப்பவே தேவாலயம் வரைக்கும் ஒரு ஒத்திகை" என்று எழுந்தார். லமாரா ஜன்னலோரச் சாவியை எடுத்துக்கொண்டுபோய், பின்கட்டில் இருந்த மாவு டப்பாவில் போட்டு மூடினாள். "ஒத்திகையும் வேணாம், ஒண்ணும் வேணாம். போய்ப் படுங்க."

வெள்ளி காலையில் கார் பூனை மாதிரி கிளம்பியது. தீர்த்தத்தின் மகிமை என்றார் பாதிரியார். கரண்ட்டு பழகிவிட்டது என்றார் வாலிகோ. நோதார் மாவு ஒட்டிய சாவியைத் துடைத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார். சாவியிலிருந்த சின்னச் சிவப்பு விளக்கு தானாகவே மினுக்கியது. இத்தனை நாளும் அதை அவர் விருந்தாளிகளுக்குப் பெருமையாகக் காட்டிவந்தார். பின்கட்டுக்கு எடுத்துப்போனார், அணைந்தது. ஜன்னலுக்குக் கொண்டுவந்தார், மறுபடி மினுக்கல்.

சாவி பாக்கெட்டில் இருந்தாலே கதவு திறக்கிற கார் அது. அதற்காகக் கார் அடிக்கடி 'பக்கத்துல இருக்கியா?' என்று மெல்லக் கேட்கும். சாவி 'இருக்கேன்' என்றதும் அரைத் தூக்கத்தில் எழுந்து உட்காரும். ஜன்னலுக்கும் காருக்கும் இரண்டு முழம்கூட இல்லை. இரண்டும் புதுசாகக் கல்யாணமானவர்கள் மாதிரி விடியவிடியப் பேசியிருக்கின்றன. சின்ன பேட்டரி அந்தப் பேச்சிலேயே வற்றிவிட்டது.

"அப்ப சாவியை எங்கதான் வைக்கிறது?" என்றாள் லமாரா.

"மாவு டப்பாவுல."

"வர்றவங்க கண்ணுல படாதே."

நோதார் ஜன்னலைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "படாது" என்றார்.

சனிக்கிழமை ஏகா அப்பாவின் காரில்தான் போனாள். முன்னால் சத்தமே இல்லாமல் கார், பின்னால் ஹாரன் அடித்தபடி தெங்கிஸின் ஜீப். அதற்குப் பிறகு அந்தக் கார் வாசலில் ஒருநாளும் சாகவில்லை. செய்யவேண்டியது இவ்வளவுதான்: ராத்திரியில் சாவியைக் காரிலிருந்து பத்தடிக்கு மேல் தள்ளி, மூடிய தகர டப்பாவில் வைக்கவேண்டும்.