காய்ந்த தலையில் சீப்பு வைக்கக் கூடாது

சிவநேசன் பந்தலுக்கடியில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை மூன்றாவது முறையாக வரிசை மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தான். யாரும் அவனைக் கேட்கவில்லை. நாற்காலிகள் நன்றாகத்தான் இருந்தன. அவனுக்குத்தான் ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை.

கார் நிறுத்தும் இடத்தில் இரண்டு சேலைகளைக் குறுக்கே கட்டி மறைத்திருந்தார்கள். மறைப்புக்குப் பின்னால், பெஞ்சில், அவன் மனைவி ஜெகதீஸ்வரியின் உடலைக் குளிப்பாட்டும் சடங்கு நடந்தது. சொந்தக்காரப் பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே போய், தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைத்துத் தேய்த்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே வந்தார்கள். பதினேழு பேர். அத்தனை பேரும் உச்சியில் கை வைத்து வட்டமாகத் தேய்த்திருப்பார்கள். ஜெகாவின் சுருட்டை முடியை அப்படித் தேய்த்தால் என்ன கதியாகும் என்று இந்த ஜெலுத்தோங் ஊரிலேயே அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

தெரிந்ததும் இரண்டு வருடமாகத்தான். முதல் ஸ்ட்ரோக் வந்து அவள் வலது கை தோளுக்கு மேல் எழும்பாமல் போனபோது, குளியலறை ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு அவனுக்குப் பாடம் எடுத்தாள். காய்ந்த தலையில் சீப்பு வைக்கக் கூடாது. நன்றாக நனைத்து, உள்ளங்கை நிறைய கண்டிஷனர் போட்டு, முதலில் விரல், அப்புறம்தான் அகலப் பல் சீப்பு. நுனியில் தொடங்கி மேலே போக வேண்டும். படுக்கும்போது முடியை உச்சியில் தளர்வாகச் சுருட்டி சாட்டின் துணி கட்ட வேண்டும். பருத்தித் தலையணையில் ஒரு ராத்திரி புரண்டால் போதும், மறுநாள் அழுகைதான். பிறை ஃபேக்டரியில் மெஷின் கழற்றி மாட்டுகிற முரட்டுக் கை அவனுடையது. "இது என்ன ஸ்குரூவா, திருகுறீங்க?" என்று முதல் வாரம் முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டான்.

நிபோங் திபாலில் ஜெகா சின்னப் பிள்ளையாக இருந்தபோது, சிக்கெடுக்கப் பொறுமையில்லாத அவள் அம்மா, பள்ளி விடுமுறை வந்தாலே காதுவரை ஒட்ட வெட்டிவிடுவாளாம். கல்யாணமான வாரமே ஜெகா சொல்லிவிட்டாள்: "என் தலையில மட்டும் யாரும் கத்திரிக்கோல் வைக்கக் கூடாது."

"சீப்பு எறங்கவே மாட்டேங்குது," மறைப்புக்குள்ளிருந்து அவன் அக்கா நவமணியின் குரல் வந்தது. "பின்னாடி பூரா சடை புடிச்சுக் கெடக்கு. ஒரு கத்திரிக்கோல் எடுத்துட்டு வாங்க லா."

சிவநேசன் கையிலிருந்த நாற்காலியை அப்படியே போட்டுவிட்டு மறைப்பருகே ஓடினான்.

"அக்கா, வெட்டாதீங்க."

"நீ ஏன்டா இங்க வர்ற? பொம்பளைங்க இருக்கோம்ல?"

"அவளுக்குச் சேலை கட்டியாச்சா?"

"கட்டியாச்சு. தலைதான் பாக்கி. பத்துலஞ்சாங் சுடுகாட்டுல ரெண்டு மணிக்கு இருக்கணும், இப்பவே மணி பன்னெண்டே முக்கால். பின்னாடி வெட்டினா யாருக்குடா தெரியப்போகுது?"

"அவளுக்குப் புடிக்காது."

"இனிமே என்னடா..." என்று தொடங்கிய அக்கா, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அவன் குளியலறைக்கு ஓடிக் கண்டிஷனரையும் சீப்பையும் எடுத்து வந்தான். வாசலில் சவ வண்டிக்காரன் பக்கிரிசாமி மறித்தான்.

"அண்ணே, ரோட்டுல ஜாம் ஆயிடும்."

"அரை மணி நேரம், தம்பி."

மறைப்புக்குள் போய் அவள் தலையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தான். சீயக்காய் இன்றைக்குத்தான் ஒட்டியது. அடியில் கிடந்த முடிச்சுகள் ஆஸ்பத்திரித் தலையணை பதினோரு நாளாகப் போட்டவை. இரண்டாவது ஸ்ட்ரோக்கில் அவளுக்குப் பேச்சு நின்றுவிட்டது. இடது கை மட்டும் எழும்பி எழும்பித் தலையைத் தொட்டது. "தலை வலிக்குது போல," என்று அவன் தினமும் நர்ஸ் ஃபராவிடம் சொன்னான். அவளும் மருந்து கொடுத்தாள். நேற்றுக் காலை எல்லாம் முடிந்த பிறகு, அடையாள அட்டையைத் தேடிக் காரின் டேஷ்போர்டைத் திறந்தபோது சாட்டின் துணி கைக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்த முதல் நாளே அவளுக்காக வீட்டிலிருந்து எடுத்துப் போய், பதற்றத்தில் அங்கே திணித்துவிட்டு மறந்திருந்தான்.

பதினோரு நாளும் அவன் வார்டுக்கும் கார் பார்க்குக்கும் கேன்டீனுக்கும் நடந்துகொண்டே இருந்தான். பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைக் கவனித்திருந்தால், துணியைத்தான் கேட்கிறாள் என்று புரிந்திருக்கும். அவனுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

தலைமாட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். தண்ணீருக்குக் கை நீட்டினான். அக்கா குவளையில் மொண்டு ஊற்றினாள். நுனியில் விரலை விட்டான். முதலில் ஒன்றும் அசையவில்லை. பிறகு ஒரு சுருள் பிரிந்தது. அக்கா சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள்.

"நுனியிலேருந்தா?"

"ஆமாக்கா. இழுக்காம."

வெளியே பக்கிரிசாமி இரண்டு முறை ஹாரன் அடித்தான். இருவரும் எழவில்லை. ஒன்றேகாலுக்குக் கடைசி முடிச்சும் அவிழ்ந்தது. அகலப் பல் சீப்பு வேரிலிருந்து நுனிவரை தடையில்லாமல் இறங்கியது.

அக்கா மல்லிகைச் சரத்தைக் கையில் எடுத்தாள். அதற்குள் சிவநேசன் முடியை உச்சியில் தளர்வாகச் சுருட்டி, சட்டைப் பையிலிருந்து சாட்டின் துணியை எடுத்துக் கட்டினான். நெற்றியோரம் ஒரு விரலை உள்ளே விட்டுப் பார்த்தான். குனிந்து, "ரொம்ப இறுக்கிட்டேனா?" என்றான்.

அக்காவின் கை துணியின் முடிச்சுவரை போனது. பிறகு, துணியை அவிழ்க்காமல், அதன் மேலேயே பூவைச் சுற்றினாள்.